தெளிந்த தண்ணீர்

காலாப்பட்டில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாண்டிக்கு டிக்கெட் எடுத்ததும் மூத்தவர் சொன்னார்:

"போர் தண்ணியில ஒண்ணும் இல்லியாம் செல்வி. எங்க வூட்டு கொடத்துலதான் விஷமாம்."

"யாருக்கா சொன்னது?"

"தெருவுல தண்ணி வாங்கினு போயி சோதிச்சாங்கல்ல, அந்த காலேஜு புள்ளைங்க. இப்பதான் பஸ் ஸ்டாப்புல, நீ வர்றதுக்கு முந்தி, பாத்து சொன்னாங்க. எங்க வூட்டு தண்ணியில மட்டும் காரீயம் இருந்துச்சாம். அப்பறம் போர் பைப்புலயே புடிச்சிப் பாத்தா இல்லியாம்."

"மொதல்ல நீ எதுல இருந்து குடுத்த?"

"பைப்புல கலங்கலா வந்துச்சு. வந்த புள்ளைங்களுக்கு அதைக் குடுக்க மனசு வரல. பித்தளைக் கொடத்துல தெளிஞ்சிருந்த தண்ணிய ஊத்திக் குடுத்தேன்."

"பித்தளையிலயா காரீயம்?"

"பொங்கலுக்கு உள்ளாற ஈயம் பூசனேன் இல்ல. பூசனவன் அதுல காரீயத்தைக் கலந்துட்டான்போல."

"நீங்கல்லாம் பிளாஸ்டிக் கொடத்து தண்ணிதானே குடிக்கிறீங்க. அந்தப் பித்தளைக் கொடத்துல யாரு குடிக்கிறா?"

மூத்தவர் மடியிலிருந்த கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மருமவ முழுகாம இருக்கா. பிளாஸ்டிக்குல வச்சது ஒடம்புக்கு ஆவாதுன்னு, அவள மட்டும் அதுலதான் மொண்டு குடிக்கச் சொல்லியிருக்கேன்."

"இப்பவே போன் பண்ணி சொல்லுக்கா."

அவர் கூடைக்குள்ளிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"வூட்டுக்கே இது ஒண்ணுதான் செல்வி. வண்டிய நிறுத்தச் சொல்லு."