பதினேழு சாவிகள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். கடை திறக்கும் அவசரம் எனக்கு இனி இல்லை.

பெயர் சுகுமார். திண்டிவனம் பைபாஸில் டயர் கடை. படிப்பு ஏறவில்லை, கல்யாணம் நிலைக்கவில்லை. என்னைப் பற்றி யாராவது கேட்டால் சொந்தத் தம்பியே "பஞ்சர் ஒட்டறான்" என்று முடித்துவிடுவான். அப்படிப்பட்ட எனக்கும் ஒரு வித்தை வாய்த்தது. அலாய் சக்கரத்தை யாரும் திருடாமல் இருக்க, சக்கரத்துக்கு ஒன்று என்று லாக் நட் போடுவார்கள். அதைக் கழற்றத் தனியாக விரல் நீளத்தில் ஒரு சாவி உண்டு. அது தொலைந்துவிட்டால், நட்டைவிட ஒரு நூல் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளக் குழாய் மாட்டி ஏறி மிதிப்பேன். கழன்றுவிடும்.

முதல் தடவை அப்படிக் கழற்றியபோது வானூர்க்காரர் ஒருவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையை, சார். மூன்று நாள் அந்த நினைப்பிலேயே திரிந்தேன். ஆனால் சாவி அடிக்கடி தொலையாது, அதுதான் பேஜாரு. அதனால் அலைன்மென்ட் பார்க்க வரும் கார்களிலிருந்து நானே எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பஞ்சரானால் தேடுவார்கள், கிடைக்காது, என்னைக் கூப்பிடுவார்கள். கழற்றிக் கொடுத்ததற்குக் கூலி வாங்கியதில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டப்பாவில் பதினேழு சாவி சேர்ந்தது. அதில் ஒன்று நேமிநாதன் நயினாருடையது. செஞ்சிப் பக்கத்து ஜைனர், மல்லாட்டை வியாபாரி, அதான் வேர்க்கடலை. சாவி தொலையக் கூடாதென்று அவர் மனைவி ஞானமதியம்மா அதில் மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தார். கடைக்கு வரும்போதெல்லாம் அந்தம்மா எனக்கு வறுத்த மல்லாட்டை ஒரு பை கொண்டுவருவார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் நயினார் போன் செய்தார். ஞானமதியம்மாவுக்கு நெஞ்சு வலி. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டி டயர் வெடித்துவிட்டது. லாக் நட் சாவியைக் காணோம். டப்பாவிலிருந்து மஞ்சள் நூல் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பைக்கை எடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை.

அங்கே போனதும் யோசித்தேன். சாவியை எடுத்தால் இது உன்னிடம் எப்படி வந்தது என்பார்கள். டிக்கியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். பதினேழு சாவி திருடியவனுக்கு அந்தச் சின்னப் பொய் தோன்றவில்லை பாருங்கள், என் மூளையின் லட்சணம் அது. வேறொன்றும் உண்டு. காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

மகன் சுதீஷ், 108-ஐக் கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

"எதுக்குப்பா? அது வந்து சேர்றதுக்குள்ள கழட்டிடுவேன். அஞ்சே நிமிஷம். நீ அம்மாவப் புடிச்சிகினு உக்காரு" என்றேன்.

சாக்கெட் வழுக்கியது. வேறு மாற்றி அடித்தேன். குனியும்போதெல்லாம் பையிலிருந்த சாவி நெஞ்சில் குத்தியது. "சுகுமாரு வந்துட்டானா? அப்ப சரி" என்று பின்சீட்டிலிருந்து அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது. நட் கழல முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கூடியிருந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். ஸ்டெப்னி மாட்டி அனுப்பினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

காரியமெல்லாம் முடிந்து நயினார் கடைக்கு வந்தார். "உன்னால ஆனதெல்லாம் செஞ்சப்பா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதுவும் இனித்தது.

மாட்டிக்கொண்டது ஆயுத பூஜையில். ஒரு கருவி விடாமல் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைக்காவிட்டால் தொழில் படுத்துவிடும் என்பது எங்கள் பயம். பதினேழு சாவியும் தொழில் கருவிதானே? கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் அடுக்கினேன். மஞ்சள் நூலைக்கூடப் பிரிக்கவில்லை. திருடனுக்குப் பக்தி இருக்கலாம், இவ்வளவு இருக்கக் கூடாது. பூஜைக்குக் கூப்பிட்டிருந்தேன் என்று நயினார் மகனை அனுப்பியிருந்தார். பொரி வாங்கக் கை நீட்டியவன் தாம்பாளத்தைப் பார்த்தான்.

"அண்ணே, இது எங்கம்மா சுத்துன நூலு" என்றான். குரல் உயரவே இல்லை.

ஆமாம் சார், சாவி என் பையில்தான் இருந்தது. அந்தம்மாவைக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். முப்பத்தைந்து நிமிஷம் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தாமதத்தை மட்டும் அடித்துவிடுங்கள். சாவி இல்லாமல், அந்த வெயிலில், நடுரோட்டில் அந்த நட்டை என்னைவிடச் சீக்கிரம் கழற்றுகிறவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.