ரெண்டு பூந்தொட்டி

— கேக்குதாங்க? ஃபேன் சத்தம்தான் வருது.

— கேக்குது, கேக்குது. உன் செல்லப்பிள்ளை எப்படி இருக்கு?

— என்சைமா? நேத்து லேப்ல கொஞ்சம் சூடு ஏறிடுச்சு. உடனே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. டேங்க் முழுக்க சர்க்கரைத் தண்ணி அப்படியே நிக்குது.

— என் மூஞ்சியும் இங்க அப்படித்தான் இருக்கு. யாரு பாக்கறா...

— ஆரம்பிச்சிட்டீங்களா! 'தாராளமா போயிட்டு வா'ன்னு அனுப்பினது யாராம்?

— நான்தான். புரியாமத்தான் கேக்கறேன்... சர்க்கரைய பிளாஸ்டிக் ஆக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?

— பிளாஸ்டிக் இல்லங்க. என்சைம் சர்க்கரையக் குட்டிக் குட்டி மணியா மாத்தித் தரும். அதக் கோத்தாத்தான் பிளாஸ்டிக். மண்ணுல புதைச்சா மறுபடி உதிர்ந்து, மண்ணோட மண்ணா போயிடும். எத்தனை தடவை சொல்றது?

— நீ சொல்றப்ப கேக்க நல்லாருக்கு. அதான்.

— ...

— என்ன, லைன் கட்டாயிடுச்சா?

— இருக்கேன். சரி, நம்ம வீட்டுப் பூந்தொட்டி ரெண்டையும் தோண்டிப் பாத்தீங்களா? புதைக்கச் சொன்ன பிளாஸ்டிக் துண்டு ரெண்டும்...

— கரைஞ்சிடுச்சு.

— ரெண்டுமா?

— ரெண்டும்தான். சுத்தமா! கரைஞ்சா அங்க வேலை முடிஞ்சிதுன்னு சொன்னியே...

— இடது பக்கத் தொட்டியிலயும்?

— ஆமாங்கறேன்ல!

— ஏங்க... அதுல இருந்தது சாதா பிளாஸ்டிக். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வெச்சது. உங்ககிட்ட சொல்லல. அது நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் கரையாது.

— அது வந்து...

— அந்தத் துண்ட எங்க வெச்சிருக்கீங்க?

— சட்டைப் பையில.

— அடப்பாவி மனுஷா!

— வலது தொட்டியில நிஜமாவே ஒண்ணும் இல்ல. சல்லடை போட்டுத் தேடிட்டேன். இடதுல இது மட்டும் புதுசு மாதிரி கிடந்துச்சு. இது ஒண்ணால நீ வராம போயிடுவியோன்னு... எடுத்துட்டேன். சிரிக்காத.

— சிரிக்கல.

— அழறியா? ஐயோ, கெடுத்துட்டேனா? மறுபடி மொதல்லேர்ந்தா?

— ஒண்ணும் கெடல. என்கூட வேலை பாக்கற மத்தவங்க வீட்டுத் தொட்டியில எல்லாம் போன மாசமே கரைஞ்சாச்சு. இங்க வேலை முடிஞ்சிது.

— அப்புறம் எதுக்கு தினமும் தொட்டி, தொட்டின்னு என் உயிர வாங்கின?

— இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் பதிலே சொல்லல. தொட்டியப் பத்திக் கேட்டாலாவது... வாய் தவறி 'வந்துடு'ன்னு ஒரு தடவை சொல்லிட மாட்டீங்களான்னுதான்.