கோழிக்காலுக்கு வச்ச பேரு

ஓரத்த நல்லா அமுக்கி ஒட்டுங்க அண்ணி, இல்லன்னா எண்ணெயில வாயப் பொளந்துக்கும். ஆமா, நான் முணுமுணுக்கிறது அதேதான். ஹா காவ், சியூ மாய், ஃபுங் ஜாவ். மந்திரமா? நல்லாச் சொன்னீங்க! சீனப் பலகாரத்துப் பேரு. கை சமூசா மடிக்குது, வாய் சும்மாதானே இருக்கு.

வேலைக்கு ஆளெடுக்குற ஆபீசுல ஒரு சயாமா, அதான் டீச்சரம்மா, படத்த ஒட்டிக் குச்சியால தட்டுவா. ஹா காவ்னா எறா வச்ச கொழுக்கட்டை. ஓரத்துல பொடவைக் கொசுவமாட்டம் மடிப்பு, அதுக்கு அம்புட்டுப் பெருமை. ஃபுங் ஜாவ்னா? நம்ம நாய்க்குப் போடுற கோழிக்காலு அண்ணி! அதுக்குத் தேவலோகத்துப் பறவை நகம்னு பேராம். பேரு வச்சா நகத்துல கறி மொளைக்குமா?

இதக் கேளுங்க. அந்த சயாமா ஒன்னக்கூட வாயில வச்சதில்ல. எப்படி ருசிக்கும்னு பக்கத்துப் பொண்ணு கேட்டா, படத்தத் திருப்பிக்கிட்டா. சொல்லித்தர்றவ லட்சணம்!

நான் மூணாங்கிளாசு. நாலு பேரு பாத்தா நாக்கு ஒட்டிக்கும். நேத்து பரீட்சைல எந்திரிச்சு அம்புட்டையும் சத்தமாச் சொன்னேன். தேறிட்டேன். ஒங்க தம்பி படுத்துக்கிட்டே சபாசுங்கிறாரு. ஆலை மூடுனதுலேர்ந்து பாயும் அவரும்தானே.

யாரு வீட்டு வேலைக்கா? ஒரு கெழவியம்மா. காலையில டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, கேக்குறத வாங்கித் தரணும். பல்லில்லாத வாயிக்கு எறா கொழுக்கட்டை! கஞ்சி எறங்காதாமா?

இங்கயா? இங்க எங்க அண்ணி! நம்மூரு லாத்தாப் பேட்டையில சீனங்க வீடுன்னா சாயங்காலம் பஸ்ஸேறி வந்துருவேனே. கடல் தாண்டி மக்காவ். வெள்ளிக்கிழமை பிளேனு.

என்ன அண்ணி, தட்டக் கீழ போட்டுட்டீங்க? அவரு சொல்லலையா? நாலு நாளு தங்கிட்டுப் போக்கான்னு சொல்லித்தான் ஒங்க ஊரு கியாக்தான்லேர்ந்து வரவச்சாரா? நல்ல ஆம்பள! அதையும் நானே சொல்லணும். பாப்பா ஒங்ககூடத்தான் வரப்போறா. ரெண்டு வருசம்.

சோத்தக் கொழையப் பெசஞ்சு குடுங்க. காதப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. படுக்கும்போது கம்மலக் கழட்டிட்டு ஒங்க காதக் குடுங்க, அவளுக்கு இருட்டுல வித்தியாசம் தெரியாது.

அந்தா, முழிச்சுட்டா. நான் போவல, நீங்க போங்க அண்ணி. இப்பலேர்ந்தே பழகட்டும். அம்மான்னு கூப்பிட்டாலும் நீங்களே போங்க. எனக்குக் கையெல்லாம் மாவு, நீங்க போனாத்தான் அவளும்... அழுவாதடி, இந்தா வந்துட்டேன், அம்மா இந்தா