தண்ணீரில் மூழ்கிய துண்டு

என் பெயர் ஜெபராணி, வயது 43, கணவர் பெயர் ராயப்பன், உவரி கடற்கரைத் தெருவில் குடியிருந்து வருகிறேன். கிழிந்த வலை பொத்துவது என் தொழில். 1996-இல் புற்றுநோய்க்காக எனது இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதன் பின் சட்டைக்குள் துணி திணித்துத்தான் வேலைக்குப் போனேன். குனிந்தால் துணி நழுவும், பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அது பெருத்த அவமானமாக இருந்தது.

12.6.1997 அன்று நானும் கணவரும் திருநெல்வேலியில் டாக்டர் மாதுரியைப் பார்த்தோம். வயிற்றுச் சதையை எடுத்து மார்பு செய்யலாம் என்றும், சதை எடுத்த இடத்தில் குடல் பிதுங்காமல் இருக்க ஒரு வலை வைத்துத் தைப்போம் என்றும் அவர் சொன்னார். என்ன நூல் என்று கேட்டேன். பாலிப்புரொப்பிலின், உடம்புக்குள் இற்றுப்போகாது என்றார். எங்கள் வலையின் மிதப்புக் கயிறும் அதே சரக்குதான், தண்ணீரில் மூழ்காது. கல்யாணச் சேலைக்கே நாலு கடை ஏறி இறங்கியவள் நான், வயிற்றுக்குள் வைப்பதைப் பார்க்காமல் விடுவேனா? காட்டச் சொன்னேன். மருந்து முகவர் குற்றாலலிங்கம் முந்தின நாள் ஒரு பெட்டி புதுச் சரக்குடன் மாதிரிக்குக் கொடுத்திருந்த துண்டை டாக்டர் என் கையில் தந்தார். தொட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்தது.

"டாக்டரம்மா, இது நைலானுல்லா. தண்ணியில மிதக்காது" என்றேன்.

"ஏளா, பைய இரு. அவங்களுக்குத் தெரியாததா?" என்று கணவர் என்னை அடக்கப் பார்த்தார். நான் கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வாங்கி, துண்டை நனைத்து, விரலால் அமுக்கி விட்டேன். அது அடியிலேயே கிடந்தது. அதன் பின் டாக்டர் பழைய சரக்கில் மிஞ்சிய துண்டு ஒன்றைப் போட்டார். அமுக்க அமுக்க அது மேலே வந்தது. அதன் பின் புதுப் பெட்டியிலிருந்து முத்திரை போட்ட உறை ஒன்றைப் பிரித்துப் போட்டார், அதுவும் மூழ்கியது. நைலான் உடம்புக்குள் நாளாக நாளாக வலுவிழக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெட்டியிலிருந்து யாருக்காவது வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கதான் முதல் ஆள்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதாவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அன்றே பெட்டியை மூடிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்.

3.7.1997 அன்று வேறு இடத்தில் வாங்கிய வலையை வைத்து எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் அந்தச் சரக்கில் ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே போட்டார். அது மிதந்தது. அதன் பிறகே மேசையில் ஏறிப் படுத்தேன். இப்போது சட்டைக்குள் துணி வைப்பதில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்ணால் கண்டதும் கையால் தொட்டதும். இந்த வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. மேசை தாழ்வாக இருந்ததால் நன்றாகக் குனிந்துதான் கையெழுத்திட்டேன். வயிறு தாங்கியது.

(ஒப்பம்) ரா. ஜெபராணி
18.9.1997