ஏழு எண்ணுவதற்குள் எரிந்த விளக்கு

மாலை ஆறே முக்கால். நம் பிஜியில், தவுவா டவுனை விட்டு உள்ளே போகிற கரும்பு ரோடு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு... நடுவில் ஒரே ஒரு வேன். என் மச்சான் யோகேந்திராவின் வேன். எதிரே வண்டி கிடையாது. குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் திரும்பச் சொல்ல என்னால் முடியாது.

யோகேந்திரா என் தங்கை உர்மிளாவின் புருஷன். எலெக்ட்ரீஷியன். பேய் என்றால் சிரிப்பான். பொய் சொல்லவும் வராது. வந்திருந்தால் உர்மிளாவிடம் இத்தனை வருஷம் இத்தனை திட்டு வாங்கியிருக்க மாட்டான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அந்த ரோட்டில் ஒரு காலத்தில் பதினேழு வீடு. எல்லாம் நம் இந்திய ஆட்கள். ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முடிந்ததும் நாலு குடும்பம் ஆக்லாந்து போனது. அடுத்தது முடிந்ததும் ஐந்து குடும்பம் பிரிஸ்பேன் போனது. குத்தகை முடிந்து மிச்சப் பேர் போனார்கள். இப்போது இருட்டினால் ஒரே வீட்டில்தான் வெளிச்சம். கன்னையா மாமா வீடு. எழுபத்தாறு வயது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆள், வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி. இரண்டாயிரத்தில் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அந்த வருஷம் ராத்திரியில் யார் வீட்டுக்குள் யார் புகுவார்கள் என்று தெரியாது. அப்போது இரண்டு பேரும் கரும்புக்கு மேலே ஒரு ஒயர் இழுத்தார்கள். இவர் சுவிட்சை அமுக்கினால் அவர் வீட்டில் விளக்கு. அவர் அமுக்கினால் இவர் வீட்டில். தினமும் ஏழு மணிக்கு இவர் ஒரு தடவை, பதிலுக்கு அவர் ஒரு தடவை. ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா’... அவ்வளவுதான் சேதி. இருவரும் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்பார்கள் போலும், விரல் எடுக்கும் முன்னே பதில் வந்துவிடுமாம்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி கவிழ்த்தார்கள். கோவிந்தசாமியின் மகன் ஷாலேஷ், போதும் இந்த ஊர் என்று அப்பாவைப் பிரிஸ்பேனுக்குக் கூட்டிப் போய்விட்டான். காலி வீட்டில் கூரைத் தகரம் போனது. ஒயரையும் எவனோ வெட்டிப் போனான். கன்னையா மாமா பத்து வருஷம் ஏழு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் ஷாலேஷ் லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி வாங்கி வந்தான். ஒயரே கிடையாது, எல்லாம் இண்டர்நெட். இவர் பொத்தானை அமுக்கினால் பிரிஸ்பேனில் விளக்கு, அங்கே அமுக்கினால் இங்கே விளக்கு. மாட்டிக்கொடுத்தவன் யோகேந்திரா. முதல் நாளே மாமாவுக்கு ஒரு குறை. பதில் வர ஏழு எண்ண வேண்டியிருக்கிறது என்றார். ஒயரில் உடனே வருமே என்றார். கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டாமா என்று யோகேந்திரா விளக்கினான். “அவன் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு இது தினமும் சொல்லிக் காட்டுது, பேட்டா” என்றாராம் மாமா.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அன்றைக்கு மத்தியானம் மாமா போன் செய்தார். விளக்கில் கோளாறு... சீக்கிரம் எரிகிறதாம்.

எரியவில்லை என்பார்கள், லேட்டாக எரிகிறது என்பார்கள். சீக்கிரம் எரிகிறது என்று இவனிடம் எவனும் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டேதான் போனான்.

வீட்டுக்குள் கரும்பு கொளுத்திய கருகல் வாசனை. மாமா சட்டை போட்டு, தலை வாரி, பொத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு அடித்தது. அமுக்கினார்.

டக்...

விரல் இன்னும் பொத்தானில்தான் இருக்கிறது. சுவரில் விளக்கு எரிந்துவிட்டது.

இன்னொரு தடவை அமுக்கச் சொன்னான். அப்படியே வந்தது. பெட்டியில்தான் ஏதோ என்று அதன் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் பச்சைப் புள்ளி அணைந்தது. இனிமேல் சேதி போக வழி இல்லை, வர வழி இல்லை. அமுக்குங்கள் மாமா என்றான்.

டக்...

வந்தது. பிளக் இவன் கையில் தொங்குகிறது.

ஷாலேஷைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வேனுக்கு வந்து போன் போட்டான். எடுத்ததும் ஷாலேஷ் அழுதுவிட்டான். அப்பா போய் நாற்பது நாள் ஆகிவிட்டதாம். மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லையாம். அவருக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரு விளக்குதானே, அதையும் எப்படி அணைப்பது என்று, வேலையிலிருந்து ஓடி வந்து, தானே தினமும் பதில் அமுக்கிக்கொண்டிருந்தானாம்.

அப்படியென்றால் இன்றைக்கும் நீதானா என்று இவன் கேட்டான்.

“இல்ல அண்ணா. பத்து நாளா நான் அமுக்கல. என்னால முடியல... கழட்டி வெச்சுட்டேன். நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க.”

யோகேந்திரா அந்த ரோட்டில் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கிளம்பிப் போய்விடலாம் என்று சாவியைக்கூடத் திருகினான். ஆனால் ஒரு கிழவரை அப்படி விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவருக்கு இனி யாரும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று உள்ளே போனான்.

வாய் திறக்கும் முன் மாமா முந்திக்கொண்டார்.

“கோவிந்தசாமி போயிட்டான்னு எனக்குத் தெரியும், பேட்டா. ஒரு நாள் ஏழு, ஒரு நாள் இருபது எண்ண வேண்டியிருந்துச்சு. மகன்தான் அமுக்கறான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத.”

அப்புறம் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டான்.

“எனக்குத் தலை கெட்டுப்போச்சோன்னு ஒரு பயம். இன்னொருத்தர் கண்ணால பாக்கணும் இல்லையா... நீ பாத்துட்டே. எனக்கு அது போதும்.”

எங்கள் வீட்டுக்கு வாருங்கள், உர்மிளா சமைத்திருப்பாள் என்று கெஞ்சினான். மாமா தலையாட்டவில்லை. கிராக் கலக்க நேரமாகிவிட்டது, காவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், நீ கிளம்பு என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். யோகேந்திரா இறங்கி வந்து வேனில் உட்கார்ந்தான். ஒரே இருட்டு. கரும்புத் தோகை மட்டும் சரசரவென்றது. சாவி கீழே விழுந்துவிட, குனிந்து தேடினான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு கைதட்டல். கிராக் கிண்ணத்தை வாங்கும்போது நாம் தட்டுவோமே, அந்த ஒற்றைத் தட்டு. கொஞ்சம் நிசப்தம்... குடிக்கிறார்.

குடித்து முடித்ததும் கூட உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று தடவை தட்டுவது வழக்கம்.

தட்டினார்கள். ஒன்று... இரண்டு... மூன்று. இரண்டு ஜோடிக் கைகள்.

பிறகு கன்னையா மாமா சிரித்தாராம். அவர் சிரித்து அவன் கேட்டதே இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஏதாவது சொன்னால்தான் அப்படி ஒரு சிரிப்பு வரும்.