மேடை அக்கரைக்குப் போகிறது

கதிரையிலே கம்பீரமாக வீற்றிருக்கும் கூட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஹெக்டர் ஐயா அவர்களே! பள்ளிவாசல், கோயில், மாதாகோயில் மூன்றிலிருந்தும் ஒரே மாட்டுவண்டியில் வந்திறங்கிய பெரியோர்களே! வாய்க்குள் வெற்றிலையையும் முந்தானைக்குள் சிரிப்பையும் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே! ஈர வலையை மணலிலே போட்டுவிட்டு இறக்கக்கண்டியிலிருந்து ஓடிவந்த சிங்கங்களே! பின்னால் நின்று கச்சான் கொறிக்கும் எதிராளியின் ஒற்றர்களே! அனைவருக்கும் இந்த ஜமால்தீன் மாமாவின் ஸலாம், வணக்கம், தோத்திரம்!

கிராமசபைத் தேர்தலிலே குடைச் சின்னத்தில் நிற்கும் எனக்கு மைதானம் தர ஏலாது என்றார்கள். மண்ணிலே இடமில்லையா? தண்ணீரிலே பேசுவான் ஜமால்தீன்! கரையில் கட்டிக் கிடந்த இந்தப் பாதையிலே ஏறிவிட்டேன். லொறியையும் மாட்டுவண்டியையும் ஏற்றி, வடம் பிடித்து இழுக்க இழுக்க ஊர்ந்துபோய் அக்கரை சேரும் இந்தப் பலகை மிதவை, இன்று என்னைச் சுமந்து புண்ணியம் தேடுகிறது. லண்டனிலே எந்த மந்திரிக்காவது மிதக்கும் மேடை கிடைத்ததா? ரஷ்யாவிலே கிடைத்ததா? நான் விசாரித்துவிட்டேன், இல்லை!

மகாசனங்களே! மாலை ஆறு மணியானால் இந்தப் பாதை ஓடாது. யாருக்கு ஓடாது? உனக்கு ஓடாது, எனக்கு ஓடாது. பாதைக்கு உத்தரவு போடும் கந்தோர்த் துரையின் ஜீப் வந்து ஹோர்ன் அடித்தால், தூங்குகிற வடமும் துள்ளி எழும்பும்! ஆஸ்பத்திரி எங்கே? அக்கரையில். நோய் எங்கே? இக்கரையில். காய்ச்சலுக்குக் கந்தோர் நேரம் உண்டா? பாம்புக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா? நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது ஐயா, இந்த வடத்துக்கு எப்போது வரும்?

போன மாரியிலே என்ன நடந்தது? அபூதாஹிரின் மனைவி றுக்கியா, பிள்ளை பெறும் வலியோடு இதே கரையிலே கிடந்தாள். மழையென்றால் மழை, துளி ஒவ்வொன்றும் ஒரு தேங்காய்! நான் பாதைக்காரர் தவராசாவிடம் பாய்ந்தேன். “தம்பி, வடத்தை அவிழும்!” என்றேன். அந்த மனிதர் அழாக்குறையாக, “துரையின்ர உத்தரவில்லாமல் ஏலாது மாமா. என்ர வேலை போயிடும். எனக்கும் பிள்ளையள் இருக்கு” என்றார்.

நான் என்ன செய்தேன்? குடையை விரித்தேன்! புயல் என்னைத் தூக்கிக் கந்தளாயில் போடப் பார்த்தது, போவேனா? அந்தக் குடையின் கீழே, மருத்துவிச்சி நபீஸா ராத்தாவின் கையிலே பிள்ளை பிறந்தது. கண் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தது. பார்த்துச் சிரித்தது!

என்ன ராத்தா? உரத்துச் சொல்லுங்கோ. “பொய் சொல்லாதே ஜமால்தீன், குடையைப் பிடிச்சது அபூதாஹிர், நீ கண்ணைப் பொத்திக்கொண்டு உம்மா உம்மா எண்டு கத்தினனீ” என்கிறீர்களா? ஓம், கண்ணை மூடினேன். அவளின் மானம் காக்க மூடினேன்! குடை யாருடையது? அதைச் சொல்லுங்கோ. என்னுடையது! அந்தக் குடைதான் இன்றைக்கு என் சின்னம்!

ஆகவே நான் வென்றால், நோயாளி வந்த நேரமே பாதை ஓடும் நேரம் என்று... அங்கே என்ன இரைச்சல்? வழிவிடுங்கள். வண்டியிலே யார், கிறிஸ்தோபரா? காலிலே திருக்கை முள்ளா? அல்லாவே, கால் தூண் போல வீங்கிக் கிடக்கிறதே! கிறேஸ் தங்கச்சி, புருஷனுக்கு ஒன்றும் ஆகாது, அழாதேங்கோ. தலைவர் அவர்களே, மணி என்ன? ஆறரையா?

ஏன் எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள்? ஓம், ஓம். நான் எதன் மேலே நிற்கிறேனென்று எனக்கும் தெரிகிறது.

தவராசா, அவிழும் வடத்தை! என்ன, இன்றைக்கும் உத்தரவில்லையா? சரி, கேளும். நீர் அந்தத் தென்னையடியிலே கையைக் கட்டிக்கொண்டு நில்லும். வடத்தை ஊர் இழுக்கட்டும். துரை கேட்டால், “பாதை ஓடேல்லை ஐயா, ஜமால்தீன் மேடையைக் கொஞ்சம் நகர்த்தினவர்” என்று சொல்லும். மேடையை நகர்த்தக் கூடாதென்று எந்தச் சட்டம் சொல்கிறது?

வண்டியை ஏற்றுங்கள்! சிங்கங்களே, நீங்களும் ஏறுங்கள்! பெற்றரி கரையிலே கிடக்கிறது, வயர் நீளாது, மைக்கைக் கழற்றுங்கள். ஓம், நான்தான் சொல்கிறேன், ஜமால்தீன்தான் சொல்கிறேன்! இந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு?

இழுங்கள் சிங்கங்களே! ஏலேலோ! ஹெக்டர் ஐயா, நீங்கள் எழும்பாதேங்கோ. என்ன, “கூட்டம் முடியேல்லை, தலைவர் சும்மா இருக்க ஏலாது” என்கிறீர்களா? பிடியுங்கள் வடத்தை! தாய்மார்களே, கேட்கிறதா? உரிமை என்பது காகிதத்திலே இல்லை, இதோ உள்ளங்கையிலே எரிகிறது!

தண்ணீரிலே நீந்தி வருவது யார்? தவராசாவா? தென்னையடியில் நில்லும் என்றேனே! “நீங்கள் இழுக்கிற இழுவைக்குப் பாதை மணல்திட்டிலை ஏறிப்போடும் மாமா, விடுங்கோ வடத்தை” என்கிறீரா? விட்டேன், நீரே பிடியும்! இக்கரை மக்களே, நாளைக்குத் துரை யார் இழுத்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? “நான்!” உரக்க! “நான்!” அந்தச் சத்தம் போதும். தவராசாவை ஒருவரும் தொட ஏலாது!

முனகாதே கிறிஸ்தோபர், வந்துவிட்டோம். இக்கரைப் பெருமக்களே, என் பேச்சை இடையிலே பறித்து, உங்கள் கையாலே முடித்து வைத்தீர்கள். இப்படியொரு பேச்சை நான் இதுவரை பேசியதில்லை. நன்றி, கோடி நன்றி! சத்தம் கேட்டு ஓடிவந்து நிற்கும் அக்கரைப் பெரியோர்களே, தாய்மார்களே! உங்களுக்கும் இந்த ஜமால்தீன் மாமாவின் ஸலாம், வணக்கம், தோத்திரம்! சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. முதலில் வண்டிக்கு வழிவிடுங்கள்!