சந்தனம் வச்ச ஃப்ளாப்பி

வைரஸ் இல்லை சார், சந்தனம். ஆமா, சந்தனம்தான். சரஸ்வதி பூஜைக்கு வச்சது. சிரிங்கோ, பரவாயில்லை, உங்க ரிப்பேர் கடை மாடி ஏறி வரச்சேயே தெரியும் சிரிப்பேள்னு. ஃப்ளாப்பில இந்த நகர்ற தகடு இருக்கு பாருங்கோ, அதுமேல ஈரமா வச்சிருக்கா எங்காத்துல. உள்ள இறங்கிடுத்து. நான் பாட்டுக்குச் சுரண்டிட்டு ட்ரைவுல போட்டேன். கர்ர்னு ஒரு சத்தம். உடனே வெளில எடுத்துட்டேன் சார்.

ஆபீஸோடது இல்லை. நான் குரோம்பேட்டையில ஒரு கம்பெனில கணக்கெழுதறவன், பேர் ஸ்ரீநிவாசராகவன். எங்காம் தாம்பரத்துல, இரும்புலியூர்ல. இது நானும் வில்பிரட்னு என் சிநேகிதனும் சாயங்காலத்துல உக்காந்து பண்ணினது. தமிழ்ல டைப் அடிச்சா கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். லினக்ஸ்ல ஓடும். விக்கறதுக்கா? இல்லவே இல்லை, சும்மா. சோர்ஸ் கோடோட குடுக்கறது. யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். தாம்பரத்துல ரெண்டு பேர் பண்ணினதைத் திருநெல்வேலில ஒருத்தன் இன்னும் நன்னா பண்ணுவானோல்லியோ?

முதல் ரிலீஸ் சார். கல்யாணத்துக்கு நாள் பாக்கறாப்ல பார்த்தோம். ஆடியில வேண்டாம்னேன். ஆவணியில... ஆத்துல சௌகரியப்படலை. சரி, விஜயதசமின்னு வச்சோம். நம்பர் போடறதுல வேற சண்டை. வில்பிரட் பூஜ்யம் புள்ளி ஒண்ணுங்கறான், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாளாம். நல்ல காரியத்தைப் பூஜ்யத்துலயா ஆரம்பிப்பா? மொய்க்கு நூத்தியொண்ணு வைக்கறாப்ல ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒண்ணுன்னு போட்டுட்டேன். அவன் தலையில அடிச்சுண்டான்.

ஹார்ட் டிஸ்க்ல காப்பி இல்லையான்னா கேக்கறேள்? அங்கதான் வினை. முன்னப்பின்ன பார்க்காதவன் எடுத்துப் போட்டா ஓடறதான்னு தெரியணுமே? அதுக்காக மிஷினைச் சுத்தமா அழிச்சோம், ஃப்ளாப்பில எல்லாம் இருக்கேங்கற தைரியத்துல. லினக்ஸை மறுபடி ஏத்தி முடிக்கறதுக்குள்ள பூஜை வந்துடுத்து. ஃப்ளாப்பி மூணையும் பெருமாள் உள்ளுல, புஸ்தகத்துக்கு மேல வச்சாச்சு. வச்சதை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. இன்னொரு காப்பி எடுத்துண்டு அப்புறம் வையேன்னுதான் வில்பிரட் சொன்னான். நாளைக்கு எடுத்தாப் போச்சுன்னுட்டேன்.

மத்த ரெண்டும் நன்னா இருக்கு. கோடெல்லாம் அதுலதான். இது மூணாவது, இதுல குரல். அ, ஆ, க, கா, கின்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லிப் பதிஞ்சது. புரோகிராம் அதைக் கோத்துப் பேசும். என் சம்சாரம் பட்டுவோட குரல் சார். அதனாலயோ என்னமோ, இதுக்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமா வச்சுட்டா. சிரிச்சுண்டே வச்சா.

ஐயோ, என்ன சார், உடைக்கறேள்? ஓஹோ. உள்ள இருக்கறதைத் துடைச்சு வேற உறையில மாத்தறதா. சரி, உங்களுக்குத் தெரியும், பண்ணுங்கோ. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன். பயமா இருக்கு சார். வில்பிரட் தனக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் பார்த்துட்டான். 

மறுபடி பதியலாமேன்னு நீங்களும் கேக்கறேள். கேக்க வேண்டியதுதான். கொஞ்சம் ஜன்னல் வழியாப் பாருங்கோ. கீழ, படிக்கட்டாண்ட, பச்சைப் புடவை, கழுத்துல துண்டு சுத்திண்டு ஒருத்தி உக்காந்திருக்காளே, அவதான் பட்டு. ஆவணியில தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே டாக்டர்லாம் எடுத்துட்டா. அதுக்கு முன்னாடிதான் அவசர அவசரமா உக்காத்தி வச்சுப் பதிஞ்சேன். அப்புறமும் டைப் அடிச்சுத் தன் குரல்லயே பேசலாமேன்னு. முதல் ரிலீஸ் அவளுக்குத்தான் சார், ஊருக்கெல்லாம் அப்புறம். முழுக்க வரலைன்னாலும் பரவாயில்லை. ‘ஏன்னா’ன்னு என்னைக் கூப்பிடற அளவுக்கு எழுத்து வந்தாலே போறும்.

தான் வச்ச சந்தனத்தாலதான் கெட்டதுன்னு அவளுக்குத் தெரியாது. ஏதோ கேபிள் லூஸ், கடையில பார்க்கணும்னு சொல்லி அழைச்சுண்டு வந்திருக்கேன். ஃப்ளாப்பி என் பையில இருந்தது. கீழ வந்தேள்னா நீங்களும் கேபிள்தாம்மான்னு சொல்லிடுங்கோ. எப்படி, எதனாலன்னு திருப்பிக் கேக்க மாட்டா சார். கேக்க முடியாது.